சிறப்பாசிரியர் தேடுகிறீர்களா? ஆர்.சி.ஐ. பதிவேட்டைப் பாருங்கள்

பென்னாகரத்தில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குப் பகல்நேர மையம் நடத்துகிறோம். சிறப்பாசிரியர் வேண்டி ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் பணம் கட்டி விளம்பரம் போட்டால், டெலிகாலர் வேலைக்கான விண்ணப்பங்கள்தான் குவிந்தன. அப்புறம் லிங்க்ட்இன்னில் நாங்களே தேடினோம். பெங்களூருவில் வேலை பார்க்கும் பாலக்கோட்டுப் பெண் ஒருவர் கிடைத்தார். ஊர்ப்பக்கம் வர நினைத்துக்கொண்டிருந்தவர்.

சரி, படிப்பு உண்மைதானா? அதற்குத்தான் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் (ஆர்.சி.ஐ.) பதிவேடு. வேலைக்கு வருபவரிடம் சி.ஆர்.ஆர். எண்ணை, அதாவது அந்தப் பதிவேட்டில் அவருக்குள்ள பதிவு எண்ணை வாங்கி இணையத்தில் தேடிப் பாருங்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு இல்லாதவர் இந்தப் பணியைச் செய்யவே கூடாது. பேசத் தாமதமாகும் பிள்ளையை அரைகுறையாகப் படித்தவரிடம் விட என் மனம் ஒப்பாது. சிறிய தொண்டு நிறுவனங்கள் கட்டாயம் பயன்படுத்த வேண்டிய வசதி இது. இன்னொன்று, சம்பளத்தை விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள்.