பிலிப்பினோக்களின் தேசியக் கனவை ஒரே வாக்கியத்தில் சொல்வதென்றால்: ஆறு வாசகங்களின் ஒப்பீடு

1987 அரசமைப்புச் சட்டப்படி பிலிப்பைன்ஸ் அதிபர் ஒருவர் ஆறாண்டுக் காலம் மட்டுமே பதவி வகிக்கலாம். மறுமுறை அப்பதவிக்குப் போட்டியிட முடியாது. ஆகவே ஆட்சி மாறும்போதெல்லாம் அங்கே முழக்கமும் மாறிவிடுகிறது. முழக்கங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அடுத்து வரும் ஆட்சியும் தயங்காமல் ஏற்கத்தக்க, மணிலாவின் ஜீப்னி (சிறு பேருந்து) ஓட்டுநரும் நினைவில் வைத்திருக்கத்தக்க, நிறைவேறியதா இல்லையா என்று பின்னாளில் சோதித்துப் பார்க்கத்தக்க ஒரு கனவு வாக்கியம் அந்நாட்டுக்கு வாய்த்திருக்கிறதா? அந்த இடத்துக்கு உரிமை கோரத்தக்க ஆறு வாசகங்களை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதலில், சட்டத்தின் பின்பலம் பெற்ற தேசியக் குறிக்கோளுரை. 1998 பிப்ரவரி 12-இல் ஒப்புதல் பெற்ற கொடி மற்றும் மரபுச் சின்னச் சட்டம், ‘மாகா-தியோஸ், மாகா-தாவோ, மாகாகாலிகாசான், மாகாபான்சா’ என்ற நான்கு சொற்களை நிறுவியது. கடவுட்பற்று, மனிதநேயம், இயற்கைப்பற்று, நாட்டுப்பற்று என்பது அவற்றின் சாரம். சுருக்கத்தில் இதற்கு ஈடில்லை. ஆட்சிகள் பல மாறியும் இது அப்படியே நிற்கிறது. எனினும் இது குடிமகன் எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும் என்று கற்பிக்கிறதே தவிர, அவனுக்கு எத்தகைய வாழ்வு கிடைக்க வேண்டும் என்று சொல்வதில்லை. ஒழுக்கப் பட்டியலைக் கனவு என்று அழைப்பது பொருந்தாது.

பிடெல் ராமோஸ் முன்வைத்த ‘பிலிப்பைன்ஸ் 2000’ இதற்கு நேரெதிரானது. 1992-இல் அவர் அதிபராகப் பதவியேற்றபோது தலைநகரில் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிலவியது. தொலைபேசி இணைப்புக்கு விண்ணப்பித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். அந்த நிலையில், நூற்றாண்டு முடிவதற்குள் நாட்டைப் புதிதாகத் தொழில்மயமான நாடுகளின் வரிசையில் சேர்ப்போம் என்று ஓர் ஆண்டையே பெயராக வைத்தது துணிச்சலான செயல். 1991-இல் மலேசியப் பிரதமர் மகாதீர் தம் நாட்டுக்கு 2020 என்ற இலக்கை அறிவித்திருந்ததால், ஆண்டைக் குறித்துக் கனவு காண்பது அன்றைய தென்கிழக்காசியாவில் இயல்பாகவும் இருந்தது. ராமோஸ் வெறும் பேச்சோடு நிற்கவில்லை. 1993-இல் மின்நெருக்கடிக்கென நாடாளுமன்றம் அளித்த சிறப்பதிகாரத்தைப் பயன்படுத்தித் தனியார் மின்நிலையங்களை வரவழைத்தார். தொலைபேசித் துறையில் நிலவிய ஏகபோகத்தை உடைத்தார். ஆனால் 1997-இல் தாய்லாந்தில் தொடங்கிய நிதி நெருக்கடி நாட்டின் நாணயமான பெசோவையும் சரித்தது. மறு ஆண்டு பொருளாதாரம் சுருங்கியது. அவருடைய பதவிக்காலமும் முடிந்தது. இலக்கு ஆண்டு வந்தபோது அதற்குப் பொறுப்பேற்று நிற்க யாரும் இருக்கவில்லை. சோதித்துப் பார்க்கத்தக்க வாசகம் என்ற பெருமை இதற்கு உண்டு. ஆயினும் தொழில்மயமான நாடு என்பது பொருளியலாளர்களின் கனவு. மணிலாவின் துண்டோ குடிசைப் பகுதியில் வாழும் ஒரு தாய்க்கு அது என்ன தரும் என்பதை வாசகம் சொல்லவில்லை.

அடுத்து, தேர்தல் களத்திலிருந்து வந்த வாசகம். 2010-இல் அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட மூன்றாம் பெனிக்னோ அக்கினோ, ஊழல்வாதி இல்லையென்றால் ஏழையும் இல்லை என்ற பொருள்பட எழுப்பிய முழக்கம், ஆறு வாசகங்களிலும் அதிக வேகம் கொண்டது என்பேன். காரணமும் விளைவும் ஒரே மூச்சில் அடங்கிவிடுகின்றன. ஆனால் ஊழல் ஒழிந்தால் வறுமை தானாகவே ஒழிந்துவிடும் என்ற கணக்கு முழு உண்மையன்று. நிலவுடைமை, ஆண்டுதோறும் வரும் புயல்கள், தரமான வேலையின்மை ஆகியவையும் வறுமைக்குக் காரணங்கள். 2013-இல் நாடாளுமன்ற உறுப்பினர்களின் மேம்பாட்டு நிதி முறைகேடு வெடித்து, அந்நிதி முறையே செல்லாது என்று அவ்வாண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அந்த முழக்கம் அதை எழுப்பிய ஆட்சியையே குறுக்கு விசாரணை செய்தது.

இன்றைய அதிபர் பெர்டினாண்ட் மார்கோஸ் இளையவரின் ‘பாகோங் பிலிப்பினாஸ்’, அதாவது புதிய பிலிப்பைன்ஸ், பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஜூலையில் சுற்றறிக்கை வழியாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜூனில் வந்த மற்றொரு சுற்றறிக்கை, அரசு அலுவலகங்களில் வாரந்தோறும் நடக்கும் கொடியேற்றத்தின்போது அதற்கான பாடலையும் உறுதிமொழியையும் சொல்லப் பணித்தது. எதைப் புதிதாக்குவது என்று வாசகத்துக்குள்ளேயே விடை இல்லாதபோது, ஆணையிட்டுப் பாடவைப்பதால் அது கனவாகிவிடாது.

நின்று ஆராய வேண்டிய வாசகம் ‘அம்பிஸ்யோன் நாத்தின் 2040’, அதாவது நம் இலட்சியம் 2040. இதன் பணி 2015 வாக்கில், அக்கினோ ஆட்சியில், தேசியப் பொருளாதார மேம்பாட்டு ஆணையத்தில் தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் பொருளியலாளர் ஆர்செனியோ பலிசாக்கான். நாடெங்கும் குழு உரையாடல்களும் பெரிய அளவிலான கருத்தாய்வும் நடத்தி, கால் நூற்றாண்டுக்குப் பின் எத்தகைய வாழ்வை விரும்புகிறீர்கள் என்று மக்களிடமே கேட்டார்கள். செல்வந்தராக வேண்டும் என்று சொன்னவர்கள் மிகச் சிலர். பெரும்பான்மையோர் கேட்டது எளிய, வசதியான வாழ்வு: நடுத்தர அளவில் ஒரு வீடு, அன்றாடச் செலவுக்குப் போதிய வருமானம், ஒரு வண்டி, பிள்ளைகளுக்குக் கல்லூரிப் படிப்பு, அவ்வப்போது உள்நாட்டிலேயே ஒரு சுற்றுலா. இதைத் திட்டவரைவாளர்கள் மூன்று சொற்களில் அடக்கினார்கள்: மாததாக், மாகின்ஹாவா, பானாதாக்; அதாவது வேரூன்றிய, வசதியான, நிம்மதியான வாழ்வு. 2016 அக்டோபரில், எதிர் முகாமிலிருந்து வந்த அடுத்த அதிபர் ரோட்ரிகோ டுட்டெர்டே தம் ஐந்தாம் நிர்வாக ஆணை மூலம் இதையே நாட்டின் நெடுநோக்காக ஏற்றார். மார்கோஸ் ஆட்சி வகுத்த 2023–2028 மேம்பாட்டுத் திட்டமும் இதையே தொடர்கிறது. ஒன்றுக்கொன்று பகைத்த மூன்று ஆட்சிகளைத் தாண்டி நின்ற வாசகம் இந்த ஆறில் நெடுநோக்காக வேறொன்றுமில்லை.

இதன் வலிமை வேரூன்றிய வாழ்வு என்ற முதல் சொல்லில்தான் இருக்கிறது. அதற்குத் தரப்பட்ட விளக்கத்தில் முன்னால் நிற்பது, குடும்பம் ஒன்றாக வாழ்வது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் சவூதியிலும் ஹாங்காங்கிலும் கப்பல்களிலும் உழைத்துப் பணம் அனுப்பும் ஒரு நாட்டில், அம்மா வீட்டிலிருக்க வேண்டும் என்று கேட்பதே ஒரு பொருளாதாரக் கொள்கையாகிவிடுகிறது. ராமோஸின் ஆண்டுக்கணக்கு இதைத் தொடவேயில்லை.

குறையும் உண்டு. மூன்று சொற்களும் வீட்டு வாசலோடு நின்றுவிடுகின்றன. வறுமை ஒழிந்து நடுத்தர வர்க்கம் பெருகிய, பரஸ்பர நம்பிக்கை மிகுந்த சமூகம் என்ற கருத்து அந்த ஆவணத்தின் நீண்ட வாசகத்தில் இருந்தும், சுருக்கத்தில் நம்பிக்கை கைவிடப்பட்டது. 2025-இல் வெள்ளத் தடுப்புப் பணிகளில் நடந்த முறைகேடுகள் வெளிவந்து, செப்டம்பர் 21 அன்று மணிலாவில் மக்கள் திரண்டபோது, அவர்கள் கேட்டது வண்டியையோ சுற்றுலாவையோ அல்ல. (சுருக்கம் கிடைத்தது கருத்தாய்விலிருந்து, கருத்தாய்வில் ஒருவரிடம் உன் வாழ்வு எப்படியிருக்க வேண்டும் என்று கேட்டால், அவர் தம் வீட்டைப் பற்றித்தான் பேசுவார்.)

அந்தக் குறையை நிரப்பும் சரக்கு ஆறாவது வாசகத்தில், 1987 அரசமைப்பின் முகப்புரையில் இருக்கிறது. நீதியும் மனிதத்தன்மையும் உள்ள சமுதாயத்தைக் கட்டுவது என்று தொடங்கி, உண்மை, நீதி, சுதந்திரம், அன்பு, சமத்துவம், அமைதி ஆகியவை ஆளும் நாடு என்று அது முடிகிறது. சர்வாதிகாரத்திலிருந்து மீண்டு ஓராண்டுகூட ஆகாத நிலையில் மக்கள் வாக்களித்து ஏற்ற வாசகம் அது. அரசமைப்பில் அன்பு என்ற சொல்லை எழுதத் துணிந்தவர்கள் அதிகமில்லை. ஆனால் அது ஒரே மூச்சில் சொல்ல முடியாத நெடும் வாக்கியம்.

என் தேர்வு அம்பிஸ்யோன்தான். ஆனால் முகப்புரையிலிருந்து ஒரு கடன் வாங்கிக்கொண்டு. ‘பிழைப்புக்காகக் குடும்பம் பிரிய நேராத, வேரூன்றிய, வசதியான, நிம்மதியான வாழ்வு எல்லோருக்கும், அதைக் காக்க, நம்பத்தக்க நீதியான அரசு’ என்பது போல. இதன் முதல் பாதியை, வேலைக்காக வெளிநாடு செல்வோர் தொகையையும் வறுமை விகிதத்தையும் கொண்டு அளக்கலாம்; 2021-இல் 18.1 விழுக்காடாக இருந்த வறுமை 2023-இல் 15.5 விழுக்காடாகக் குறைந்தது என்று அந்நாட்டுப் புள்ளியியல் ஆணையம் கணக்கிட்டிருக்கிறது. இரண்டாம் பாதியை அளப்பது கடினம். தணிக்கை அறிக்கைகளும் நீதிமன்றத் தீர்ப்புகளுமே அதற்குச் சான்று. செபுவானோ, இலோகானோ மொழிகளில் இது மொழிபெயர்ப்பாக அல்லாமல் அம்மொழிகளிலேயே நேரடியாக எழுதப்பட வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. 2028 மே மாதத்தில் அடுத்த அதிபர் தேர்தல் நடக்கும். நடப்பு மேம்பாட்டுத் திட்டமும் அவ்வாண்டோடு முடிகிறது. புதிய ஆட்சி தன் முழக்கத்தை அச்சிடுவதற்கு முன், அடுத்த திட்டத்தின் வரைவிலேயே இந்த இரண்டாம் பாதியைச் சேர்த்துவிட அதுவே தக்க தருணம்.