பழைய கட்சிக்காரரா, வியாபாரிகள் கூட்டமா?

போடி, கம்பம் பக்கம் வக்கீல் ஆபீஸ் மந்தமானால் போஸ்டர் ஒட்ட முடியாது, வக்கீல் தொழிலை நெறிப்படுத்தும் பார் கவுன்சிலின் விதி 36 விளம்பரத்தையும் ஆள் பிடிப்பதையும் தடுக்கிறது. புதுக் கேஸ் வர மிச்சம் இரண்டு வழி.

பழைய கட்சிக்காரர்களை, அதாவது முன்பு நம்மிடம் கேஸ் கொடுத்தவர்களை, ஒரு நடை பார்த்து வருவது ஒன்று. செலவில்லை, தயக்கமும் இல்லை. ஆனால் அவர்கள் மூலம் வருவது பெரும்பாலும் அதே பாகப்பிரிவினை, அதே வாய்க்கால் தகராறு.

இன்னொன்று, ஏலக்காய் வியாபாரிகள் கூப்பிட்டால் போய்ச் சட்டம் பேசுவது. கட்டப்பனைக்காரர் கொடுத்த செக் திரும்பினால் கேரளாவுக்கு அலையணுமா என்று கேட்பார்கள். செக் வழக்குச் சட்டத்தில் வந்த 2015 திருத்தத்துக்குப் பிறகு, செக்கைத் தன் கணக்கில் போட்டவர் அந்தக் கணக்கு இருக்கும் கிளையின் எல்லைக்குட்பட்ட கோர்ட்டிலேயே வழக்குப் போடலாம், ஆனால் செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் போயிருக்க வேண்டும். கேரள எல்லையில் குமுளி தாண்டி விபத்து என்றாலும், காயப்பட்டவர் தான் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே இழப்பீடு கேட்கலாம். இப்படி வரும் கேள்விகள்தான் அடுத்த பேச்சுக்குச் சரக்கு, ஆபீஸ் மந்தமும் தானாகக் கலையும். கார்டை நீட்டிக் கேஸ் கேட்பது மட்டும் கூடாது.

என் ஓட்டு இரண்டாவதுக்கு. மேடை என்றாலே நடுக்கம் என்பவர்கள் முதல் வழியிலேயே இருக்கட்டும், சரி, ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் என்ன கொடுக்கல் வாங்கல் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டும்.