அத்தை மகளா, எடுத்து வளர்த்த பெண்ணா: ஒரு நாவலை ஷெல்ஃபிலும் திரையிலும் தேடிய கதை

எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தில் ப்ராஜெக்ட் தொடங்கும்போது எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மெட்டீரியல் எங்கே கிடைக்கும்?" கல்லூரி நூலகம், சென்னையின் பெரிய நூலகங்கள், ஜேஸ்டோர் போன்ற கட்டுரைத் தளங்கள், இலவச மின்நூல் தளங்கள் என்று நான்கு வழிகளையும் சீனியர்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். எதை எதற்குப் பயன்படுத்துவது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அதனால் ஒரே நாவலை வைத்து இந்த நான்கையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கென்ஸ்டைன்', நான் ப்ராஜெக்ட் செய்த நாவல்.

அதில் நாயகன் விக்டர் மணக்கப்போகும் எலிசபெத் அவனுடைய அப்பாவின் தங்கை மகள் என்று ஒரு விமர்சனக் கட்டுரையில் படித்தேன். நம் ஊர்க் கணக்கில் முறைப்பெண். அந்த உறவுதான் என்னை உள்ளே இழுத்தது. அதைப் பற்றியே ஓர் அத்தியாயம் எழுதினேன். மேற்கோள்களை மட்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு கோப்பிலிருந்து எடுத்தேன். வாய்மொழித் தேர்வான வைவாவில் தேர்வாளர் என் மேற்கோள் ஒன்றைக் காட்டி, "இங்கே எலிசபெத் ஒரு ஏழைக் குடியானவன் வீட்டிலிருந்து எடுத்து வந்த பெண். அப்புறம் எப்படி அத்தை மகள்? எந்தப் பதிப்பைப் படித்தாய்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

விஷயம் இதுதான். 1818-இல் பெயர் போடாமல் மூன்று தொகுதிகளாக வந்த முதல் பதிப்பில் அவள் அத்தை மகள். 1831-இல் மேரி ஷெல்லி திருத்தி வெளியிட்டபோது உறவை மாற்றிவிட்டார்: அவள் மிலான் நகரத்துப் பிரபு ஒருவரின் மகள், குடியானவர் வீட்டில் வளர்ந்தவள், விக்டரின் தாய் அவளைப் பார்த்துத் தன்னோடு அழைத்து வருகிறாள். கட்டுரையாளர் படித்தது 1818, என் கோப்பில் இருந்தது 1831. இரண்டையும் நான் ஒரே நூலாக நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எந்த வழியைப் பார்த்தாலும், 'எந்தப் பதிப்பு என்று இது எனக்குச் சொல்கிறதா?' என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

இந்த அளவுகோலில் இலவசத் தளங்களுக்குள்ளேயே வித்தியாசம் இருக்கிறது. 1971-இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய புராஜெக்ட் குட்டன்பர்க் எழுத்தாக நூலைத் தருகிறது. ஒரு சொல் நாவலில் எத்தனை இடத்தில் வருகிறது என்று நொடியில் தேடலாம். 'கசின்' என்ற சொல்லைத் தேடியிருந்தாலே என் தவறு பிடிபட்டிருக்கும். ஆனால் அச்சுப் பக்க எண் இருக்காது. எந்தப் பதிப்பு என்பதை நாமே கவனித்துப் பார்த்து இறக்க வேண்டும். இன்டர்நெட் ஆர்க்கைவில் பழைய நூல்களின் பக்கங்கள் படமாகவே இருக்கின்றன. தலைப்புப் பக்கத்தில் ஆண்டு தெரியும், பக்க எண்ணோடு மேற்கோள் காட்டலாம். ஆகவே பழைய மூலநூலுக்கு ஆர்க்கைவ், சொல் தேட குட்டன்பர்க். புதிய விமர்சன நூல்களுக்கு ஆர்க்கைவை நம்ப முடியாது. பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் 2024-இல் மேல்முறையீட்டிலும் அது தோற்றது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களை இரவல் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

கல்லூரி நூலகத்தை நாம் மிகவும் குறைத்து மதிப்பிடுகிறோம். புத்தகம் பழசு, தூசி என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அங்கே நார்டன் கிரிட்டிகல் எடிஷன் ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. 'ஃபிராங்கென்ஸ்டைன்' நார்டன் பதிப்பு 1818 பாடத்தை அடியொற்றியது என்று அதுவே சொல்லிவிடும். அடிக்குறிப்பு, அந்தக் காலத்துப் பின்னணி ஆவணங்கள், தேர்ந்தெடுத்த விமர்சனக் கட்டுரைகள் எல்லாம் ஒரே அட்டைக்குள். நான் முதல் நாள் அதை எடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

ஷெல்ஃபில் தேட எண் தெரிந்திருக்க வேண்டும். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி முறையில் ஆங்கில இலக்கியம் 820. கவிதை 821, நாடகம் 822, புனைகதை 823. மேரி ஷெல்லி காலத்து நாவல்கள் 823.7. அவற்றைப் பற்றிய விமர்சனமும் பக்கத்திலேயே நிற்கும். பலர் அதோடு திரும்பிவிடுகிறார்கள். நாவல் என்ற வடிவத்தையே பல மொழிகளில் வைத்துப் பேசும் நூல்கள் 809.3-இல் தனியாக இருக்கின்றன, அங்கேயும் போக வேண்டும்.

இங்கே எஸ்.ஆர்.ரங்கநாதனைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் வகைப்பாட்டில் ஷேக்ஸ்பியர் நாடகத்துக்கான எண்ணிலேயே மொழி, வடிவம், ஆசிரியர் பிறந்த ஆண்டு மூன்றும் அடங்கிவிடும். ஓ எழுத்து இலக்கியம், 111 ஆங்கிலம், 2 நாடகம், ஜே64 என்றால் 1564-இல் பிறந்தவர். ஒரே எண்ணில் ஒரு சிறிய இலக்கிய வரலாறு! வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நூலகத்துக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. அதை அவர் எண்ணிலேயே செய்து காட்டினார்.

சென்னையின் பெரிய நூலகங்களில் கன்னிமாராவா, அண்ணா நூற்றாண்டா என்பது தலைப்பைப் பொறுத்தது. எழும்பூரில் 1896-இல் திறந்த கன்னிமாரா, 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. ஆர்.கே.நாராயண், ராஜா ராவ் என்று இந்திய ஆங்கில எழுத்தில் வேலை செய்கிறவர், இந்தியப் பதிப்பகங்கள் போட்ட பழைய விமர்சன நூல்களைத் தேடுகிறவர் முதலில் அங்கே போக வேண்டும். மேரி ஷெல்லிக்கு நான் கோட்டூர்புரத்துக்குத்தான் போவேன். 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் வெளிநாட்டுப் பதிப்பகங்களின் நூல்கள் தாராளமாக இருக்கின்றன. தென் மாவட்ட மாணவர்களுக்கு 2023 முதல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கிறது. எங்கே போனாலும் ஆன்லைன் பட்டியலில் நூல் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள், பஸ் செலவு வீணாகாது.

ஜேஸ்டோருக்கு வருவோம். கட்டுரை என்று வந்தால் இதற்கு ஈடு எதுவும் ஷெல்ஃபில் இல்லை. காயத்ரி சக்ரவர்த்தி ஸ்பிவாக் 1985-இல் 'கிரிட்டிகல் இன்க்வயரி' இதழில் 'ஜேன் எய்ர்', 'ஃபிராங்கென்ஸ்டைன்' உள்ளிட்ட மூன்று நாவல்களை வைத்துக் காலனியத்தைப் பற்றி எழுதிய கட்டுரையை, தொகுப்பு நூல் எதையும் தேடி அலையாமல், இதழில் வந்த பக்கங்களாகவே அங்கே படிக்கலாம். கல்லூரி சந்தா கட்டாவிட்டாலும் பரவாயில்லை. சொந்தப் பெயரில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம். பிடிஎஃப் இறக்க முடியாது, குறிப்பு கையால்தான் எடுக்க வேண்டும். அது நல்லதும்கூட, கையால் எழுதியது எனக்கு வைவா வரை நினைவில் நின்றது.

குறை என்னவென்றால் வெள்ளம். நாவலின் பெயரை மட்டும் போட்டால் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். தலைப்பில் மட்டும் தேடு என்று வரையறுத்து, இரண்டாவது சொல்லாக உங்கள் கேள்வியைச் சேர்த்தால்தான் கையாள முடியும். அந்தக் கேள்வி ஷெல்ஃபில் உட்கார்ந்து படித்தால்தான் பிறக்கும். அதனால்தான் ஜேஸ்டோரை இரண்டாவதாக வைக்கிறேன். அரசுக் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கு 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. லாகின் எப்படி என்று நூலகரிடம் கேளுங்கள்.

ஷோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் முழுமையாகக் கிடைக்கும். அவற்றின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் நூற்பட்டியலுக்காக மட்டும் திறங்கள். வாக்கியத்தை எடுத்தால் காப்பியைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் பிடித்துவிடும். 2018-ஆம் ஆண்டு யுஜிசி விதியில் 10 சதவீத ஒற்றுமை வரைதான் பொறுத்துக்கொள்வார்கள்.

சென்னைக்கோ மதுரைக்கோ வர முடியாதவருக்கு என் பரிந்துரை: 1818 பதிப்பின் பக்கப்படங்களை ஆர்க்கைவில் எடுங்கள், ஜேஸ்டோர் இலவசக் கணக்கு தொடங்குங்கள். பிறகு உங்கள் கல்லூரி, நூலகங்களை இணைக்கும் டெல்நெட் அமைப்பில் உறுப்பினரா என்று கேளுங்கள். உறுப்பினராக இருந்தால் வேறு ஊர் நூலகத்தில் இருக்கும் நூலை உங்கள் நூலகர் இரவலாக வரவழைக்க முடியும். வந்து சேர நாளாகும், அதனால் ப்ராஜெக்ட் தலைப்பு உறுதியான வாரத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.