பிறந்தநாள் மேசைக்குப் பழைய ஒயின்: போர்தோவா, போர்ட்டா, பிளம்ஸ் ஜாடியா?

குன்னூரில் ஐம்பதைத் தொடப்போகும் நண்பருக்கு, “அவர் பிறந்த வருடத்து ஒயின் ஒன்று வாங்கிவிடலாமே” என்று யாராவது கிளப்பிவிட்டால் போதும், ஆளுக்கொரு பெயர் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். கடைசியில் பேச்சு மூன்றில் வந்து நிற்கும்: பிரான்சின் போர்தோ வட்டாரத்துப் பழைய சிவப்பு ஒயின், போர்ச்சுகலில் பிராந்தி கலந்து செய்யும் இனிப்பு ஒயினான போர்ட், அப்புறம் நம் மலைவீடுகளில் ஜாடியில் போட்டுவைக்கும் பிளம்ஸ் ஒயின். நாசிக், நந்தி மலைப் பக்கத்துச் சிவப்பு ஒயின்களில் நல்லவை உண்டு. ஆனால் ஐம்பது வருடப் பழசுக்கு அங்கே போக முடியாது. என் ஓட்டு போர்ட்டுக்கு, அதிலும் மரப்பீப்பாயிலேயே முதிரவைக்கும் டானி போர்ட்டுக்கு.

பிறந்த வருடத்தையே எடுத்துக்கொள்வோம். போர்தோவில் வருடத்துக்கு வருடம் ஏற்ற இறக்கம் அதிகம். 1982-ல் பிறந்தவர் கொடுத்துவைத்தவர். அந்த வருடத்து போர்தோவை இன்றும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள், விலையும் அப்படித்தான். 1977-ல் பிறந்தவர் பாடு திண்டாட்டம். அந்த வருடம் துளிர்விடும் நேரத்தில் விழுந்த உறைபனி அங்கே மெர்லோ வகைத் திராட்சைக் கொடிகளைக் கருக்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே 1977 போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் விண்டேஜ் போர்ட்டுக்கு, அதாவது ஒரே வருடத்து அறுவடையில் செய்து பாட்டிலில் முதிரவிடும் போர்ட்டுக்கு, அமோகமான வருடம். அதற்காக விண்டேஜ் போர்ட் எல்லா வருடத்துக்கும் கிடைத்துவிடாது. விளைச்சல் நன்றாக அமைந்த வருடங்களில் மட்டும்தான் தயாரிப்பாளர்கள் அறிவிப்பார்கள். கொல்யெய்ட்டா என்று லேபிளில் இருக்கும் டானிக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஒரே வருடத்து அறுவடையில் செய்து, குறைந்தது 7 வருடம் மரப்பீப்பாயில் கிடந்தது அது. மற்ற இரண்டிலும் இல்லாத வருடம்கூட இதில் கிடைக்க வாய்ப்பு உண்டு.

வாங்குவதில் எல்லாமே கஷ்டம்தான். இங்கே டாஸ்மாக் எலைட் கடையில் இந்த வயதுப் பாட்டிலை எதிர்பார்க்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் யாரையாவது பிடிக்க வேண்டும். ஒருவர் தீர்வையில்லாமல் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர், அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு.

அந்தப் பாட்டில் மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறும்போதுதான் உண்மையான வித்தியாசம் தெரியும். பழைய போர்தோவிலும் விண்டேஜ் போர்ட்டிலும் அடியில் வண்டல் கட்டியிருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்தால் அத்தனையும் கலங்கிவிடும். வந்திறங்கிய அன்றே திறந்தால் வாயில் மண்போல நறநறக்கும். வண்டல் இறங்க ஓரிரு நாளாவது, முடிந்தால் ஒரு வாரம், பாட்டிலை நிமிர்த்தி ஓரமாக வைத்துவிட வேண்டும். கோடையில் கோயம்புத்தூர் வெயிலில் காரின் டிக்கியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகவே கூடாது. அந்தச் சூட்டில் எந்த ஒயினும் வெந்துவிடும்.

திறப்பதும் ஒரு வேலை. நாற்பது வருடக் கார்க்கில் சாதாரணத் திருகாணியை இறக்கினால் நடுவில் மாவாக உதிரும். இரண்டு தகடு வைத்த திறப்பான் ஒன்று இருக்கிறது. தகடுகளைக் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாற்றி மாற்றி அழுத்தி இறக்கி, மெல்லத் திருகி இழுக்க வேண்டும். பிறகு வாயகன்ற கண்ணாடிக் குடுவையில், கை நடுங்காமல், ஒரே ஊற்றாக ஊற்ற வேண்டும். பாட்டில் கழுத்துக்குக் கீழே போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டால் போதும். முதலில் செங்கல் நிறத்தில் தெளிவாக வரும். கடைசிப் பக்கம் புகை இழைபோல ஒன்று கழுத்தை நோக்கி நகரும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அடியில் தங்குவது வீண்தான்.

டானிக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. வண்டலைப் பீப்பாயிலேயே விட்டுவிட்டு வந்தது. திறந்தோமா, ஊற்றினோமா என்று இருக்கலாம்.

குளிர் இன்னொரு விஷயம். பழைய சிவப்பு ஒயினை 16, 17 டிகிரியில் குடிக்கச் சொல்வார்கள். டிசம்பர் ராத்திரி குன்னூர் வீடுகளில், ஊட்டியில் கேட்கவே வேண்டாம், அறை அதைவிடக் குளிர்ந்து கிடக்கும். அந்தக் குளிரில் போர்தோவின் மணம் எழாது, துவர்ப்புதான் முன்னால் நிற்கும். கிளாஸை இரண்டு கையாலும் பொத்திச் சூடேற்ற வேண்டியதுதான். கணப்புப் பக்கம் வைத்தால் அதிகமாகிவிடும். டானியைக் கொஞ்சம் குளிர்ச்சியாகக் குடிப்பதே வழக்கம் என்பதால், நம் அறையே அதற்குச் சரியான பதம்.

மேசையில் மட்டன் மிளகு வறுவல் இருந்தால் போர்தோவைத் திறக்கவே வேண்டாம். நாற்பது வருடம் காத்திருந்து வந்த மெல்லிய வாசம் ஒரு மிளகுக்குத் தாங்காது. காரத்தோடு போர்ட்டும் சேராது, அதில் ஆல்கஹால் 20 சதவீதம், நாக்கு எரியும். ஆனால் போர்ட்டை எடுப்பது கேக் வெட்டும் நேரத்தில். பிளம் கேக், முந்திரி, கொடைக்கானல் சீஸ் எல்லாவற்றோடும் டானியின் அத்திப்பழ, வால்நட் ருசி ஒட்டிக்கொள்ளும். அளவிலும் இது தோதானது. பன்னிரண்டு பேருக்கு ஒரு பாட்டில் என்றால் தலைக்கு 60 மில்லிக்குச் சற்று மேல். போர்ட்டுக்கு அது நிறைவான பங்கு, போர்தோவுக்கு நாக்கை நனைக்கத்தான் காணும்.

பிளம்ஸ் ஒயினை இந்தப் பட்டியலில் சேர்ப்பதே தப்பு என்பார்கள் சிலர். நான் சேர்ப்பேன். மே, ஜூனில் பழம் வாங்கி, சர்க்கரை, ஈஸ்ட், உடைத்த கோதுமை, பட்டை, கிராம்பு போட்டுப் பீங்கான் ஜாடியில் கட்டிவைத்து, தினமும் மரக்கரண்டியால் கிளறி, வடிகட்டி, கிறிஸ்துமஸ் வரை விடுவார்கள். ஒரு வருடம் போனால் கிராம்பின் முறைப்பு அடங்கி நன்றாகவே இருக்கும். அதற்கு மேல் வைத்தால் பழவாசனை போய்விடும், சில ஜாடி புளித்தும் போகும். வயதில் இது போட்டிக்கே வராது. ஆனால் ஒயின் பழக்கமில்லாத விருந்தாளிகள் தயங்காமல் இரண்டாவது கிளாஸ் கேட்பது இதைத்தான். ஆகவே இதை முதலில் ஊற்றுங்கள், டானியைக் கேக்கோடு எடுங்கள். போர்தோ கைவசம் இருந்தால் அதை அன்றைக்குத் தொடாமல், மறுநாள் மதியம் வண்டி ஓட்டாத நாலு பேரோடு, காரமில்லாத ரோஸ்ட்டோடு திறக்கலாம். அது திறந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் வாடிவிடும். டானியில் மிச்சமிருந்தால் மூடி குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், சில வாரம் தாங்கும்.