ஜேசி ரோட்டில் டைமிங் செயின் செட்: ஹெட் சீவிய எஞ்சினுக்கு எது?

பெங்களூரின் வாகன உதிரிபாகச் சந்தையான ஜேசி ரோட்டில் டைமிங் செயின் (கிராங்கின் சுழற்சியை, வால்வைத் திறக்கும் கேமுக்குக் கொண்டுபோகும் சங்கிலி) கேட்டால் மூன்று ரகம் வரும்: கார் கம்பெனியின் ஒரிஜினல் செட், ஐவிஸ், சுபாகி போன்ற செயின் தயாரிப்பாளர்களின் பெட்டி, பெயரே இல்லாத பிளாஸ்டிக் கவர். கேம் மாற்றி, வால்வு ஸ்பிரிங் கடினமாக்கிய எஞ்சினுக்குக் கடைசி ரகத்தைத் தொடவே வேண்டாம். பின்கள் சரியாகக் கடினப்படுத்தப்படாவிட்டால் சீக்கிரம் தேய்ந்து செயின் நீளும்.

செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர்தான் முக்கியம். சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவினால் கேமும் கிராங்கும் நெருங்கும். செயின் தளரும், கேம் டைமிங்கும் கொஞ்சம் பின்தங்கும். தளர்வை எடுக்க டென்ஷனர் பிளஞ்சர் (தள்ளும் தண்டு) கூடுதலாக வெளியே வர வேண்டும். புதுச் செயினிலேயே அது முக்கால்வாசி வெளியே நின்றால், பிறகு தேய்மானத்துக்கு இடமில்லை. டைமிங்கைத் திருத்த அட்ஜஸ்டபிள் கேம் ஸ்ப்ராக்கெட் (கேமின் கோணத்தை மாற்றி வைக்கக்கூடிய பல்சக்கரம்) வாங்குங்கள். கேமில் 1 டிகிரி என்றால் கிராங்கில் 2 டிகிரி.

"செயின் மட்டும் போதும் சார்" என்பார்கள், கேட்காதீர்கள். பழைய ஸ்ப்ராக்கெட் பல்லைத் தடவிப் பாருங்கள். கொக்கி போல வளைந்திருந்தால் புதுச் செயினையும் தின்றுவிடும். டென்ஷனர், கைடு (செயின் உரசி ஓடும் பட்டை) இரண்டுக்கும் என் ஓட்டு ஒரிஜினலுக்கே.

மாட்டியதும் டென்ஷனரை அமுக்கிப் பிடித்திருக்கும் லாக் பின்னை உருவி, ஸ்பானர் போட்டு கிராங்கைக் கையாலேயே 2 முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது இடித்தால் அங்கேயே நிறுத்துங்கள். வால்வு பிஸ்டனில் முட்டுகிறது. சுற்றிய பிறகு மாட்டும்போது குறியோடு பொருத்திய செயினின் நிற லிங்க்குகள் அந்தக் குறியை விட்டு நகர்ந்திருக்கும், பதற வேண்டாம். ஸ்ப்ராக்கெட் குறிகள் நேராக நின்றால் போதும்.