பக்க முகவரிகளை மாற்றச் சொல்லி 44,840 ரூபாயை இழந்தேன்

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் என் இணையதளத்தின் 214 பக்கங்களும் இரண்டு மாதங்களாகக் கூகுள் தேடலில் கண்ணில் படுவதே இல்லை. இந்த நிலைக்கு வருவதற்கு நான் ஜிஎஸ்டியும் சேர்த்துக் கொடுத்த பணம் 44,840 ரூபாய். வாங்கியவர்கள் நேற்று மாலை என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். தேடலில் தளங்களை முன்னுக்குக் கொண்டுவருவதாக விளம்பரம் செய்யும் ஒரு சிறு நிறுவனம் அது, பெயரை எழுதவில்லை.

அவர்களை நான் நம்பிய கணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வந்த இளைஞர் என் தளத்தில் ஒரு சேலையின் பக்கத்தைத் திறந்து, உலாவியின் மேலே தெரியும் அதன் முகவரியின் (URL) கடைசியில் கேள்விக்குறிக்குப் பின் வெறும் 347 என்று முடிவதைக் காட்டி, "இந்த எண்ணைப் பார்த்து இது சுங்குடிச் சேலை என்று யாருக்குத் தெரியும், மேடம்?" என்று கேட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. எண்ணைவிடச் சொற்கள் உள்ள முகவரியே நல்லது என்று கூகுளும் சொல்கிறது. அந்த ஒரு உண்மையைக் கேட்டதும் மற்றதெல்லாம் உண்மையாகவே இருக்கும் என்று எண்ணி, தளம் இயங்கும் கணினியான சர்வரின் கடவுச்சொல்லையும் முழுத் தொகையையும் அன்றே கொடுத்துவிட்டேன்.

அவர்கள் எல்லாப் பக்கங்களின் முகவரிகளையும் மாற்றினார்கள். முகவரி மாறினால் தேடுபொறிக்கு அது புதிய பக்கம். பழைய முகவரி நிரந்தரமாக இங்கே மாறிவிட்டது என்று சர்வர் அறிவிக்க வேண்டும். அதற்குத்தான் 301 ரீடைரக்ட். அதை அவர்கள் ஒரு பக்கத்துக்குக்கூடச் செய்யவில்லை. ஆறு ஆண்டுகளாகப் பிறர் தங்கள் தளங்களில் கொடுத்திருந்த இணைப்புகள், வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் பகிர்ந்தவை, சேலையோடு வைத்து அனுப்பும் அட்டையில் நான் அச்சிட்ட க்யூஆர் குறியீடுகள் எல்லாம் "பக்கம் இல்லை" என்னும் 404 பிழையில் போய் நின்றன. முடிச்சுப் போடும் முறையையும் சாயத்தையும் பற்றி நானே உட்கார்ந்து எழுதிய பக்கங்கள் அவை.

புதிய முகவரிகளாவது ஒழுங்காக இருந்தனவா என்றால் அதுவும் இல்லை. "சிறந்த", "மலிவான", "ஆன்லைன்" என்று ஒரே சொற்களை எல்லா முகவரியிலும் திணித்திருந்தார்கள். சில முகவரிகளைத் தமிழ் எழுத்திலேயே வைத்திருந்தார்கள். கூகுள் அதைப் படித்துக்கொள்ளும், அதில் தவறில்லை. ஆனால் நகலெடுத்து அனுப்பும்போது பெரும்பாலும் %E0%AE என்பது போலச் சதவீதக் குறியும் எழுத்தும் எண்ணுமாக மாறிவிடுகிறது, "சுங்குடி" என்ற ஒரு சொல்லே இப்படி மொத்தம் 72 எழுத்துக்குறிகளாக நீள்கிறது. அப்படி ஓர் இணைப்பு வந்தால் வைரஸ் என்று பயந்து யாரும் தொடுவதில்லை.

முதலில் "15 நாள் பொறுங்கள்" என்றார்கள். பிறகு கூகுள் தன் விதிகளை மாற்றிவிட்டது என்றார்கள். 301 பற்றி நானே படித்துவிட்டுக் கேட்டதும், அது நான் எடுத்த பேக்கேஜில் வராது, தனியாக 12,000 ரூபாய் ஆகும் என்றார்கள். நான் சண்டை போட்ட பிறகு பழைய முகவரிகள் அனைத்தையும் ஒரே அடியாக முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு வேலை முடிந்தது என்றார்கள்; தொடர்பில்லாத பக்கத்துக்கு அப்படித் திருப்புவதையும் கூகுள் பக்கம் இல்லாததாகவே கணக்கிடுகிறது. 44,840 ரூபாயைத் திருப்பிக் கேட்டபோது, கொடுத்த பணம் வேலைக்கானது, பலனுக்கு அல்ல என்ற பதில் வந்தது.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தின் முகவரியைத் தக்க காரணமின்றி மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையது எது, புதியது எது என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுதிய பட்டியலைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள், ரீடைரக்டை ஓராண்டாவது எடுக்காதீர்கள். புதிய பக்கம் என்றால் இரண்டு மூன்று சொற்கள், நடுவில் சிறுகோடு, ஆங்கிலமானால் சிறிய எழுத்து, அது போதும். வேலை தொடங்கும் முன் தளத்தின் முழு நகலை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் அது இல்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் இன்று காலை புகார் கொடுத்திருக்கிறேன். அக்காள் மகன் துணையோடு பழைய முகவரிகளை ஒவ்வொன்றாகச் சரியான பக்கத்துக்குத் திருப்பி வருகிறேன். 61 முடிந்திருக்கிறது, இன்னும் 153 இருக்கிறது.