அம்பாசிடரின் முன் டயர் உரசினால்: டயரா, டார்ஷன் பாரா, புஷ்ஷா?

அம்பாசிடரில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது உரசல் சத்தம் கேட்டால், பலர் நேராக டிங்கரிங் பட்டறைக்குப் போய் மட்கார்டு ஓரத்தை உள்பக்கமாக மடக்கிவிடுகிறார்கள். அதைக் கடைசியாகத்தான் செய்ய வேண்டும் என்பேன். 2014-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி இது. பழைய நல்ல தகட்டில் சுத்தியல் பட்டால் பெயின்ட் வெடிக்கும், அந்த வெடிப்பில்தான் துரு ஏறும். அப்புறமும் சத்தம் நிற்காது, ஏனென்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கும்.

சந்தேகப்பட வேண்டியவை மூன்று. மூன்றும் உரசும் இடமும் நேரமும் வேறு வேறு.

முதலில் டயர். வண்டியோடு வந்த அளவு 5.90-15, அதாவது அகலம் சுமார் 150 மில்லிமீட்டர். இப்போது எளிதாகக் கிடைக்கிறதே என்று 195/65 ஆர் 15 போடுகிறார்கள். 15 அங்குல ரிம்மில் உட்கார்ந்துவிடுவதால் கடைக்காரரும் சைஸ் சரிதான் என்கிறார். ஆனால் அகலம் 195 மில்லிமீட்டராகி, 45 மில்லிமீட்டர் கூடிவிட்டது, பக்கத்துக்கு 22 மில்லிமீட்டர். உயரமோ 634 மில்லிமீட்டர்தான், பழைய டயரைவிடக் குறைவு. அதனால் இந்த டயர் மேலே இடிப்பதில்லை. வண்டியை நிறுத்தும்போதோ யூ டர்ன் எடுக்கும்போதோ, ஸ்டீயரிங் முழுதாகத் திரும்பிய நிலையில், உள்பக்க விளிம்பு உரசும். கழற்றிப் பார்த்தால் டயரின் உள்சுவரில் வட்டமாகப் பளபளவென்று ஒரு கோடு தெரியும். இன்னொரு விஷயமும் உண்டு. 195/65-க்குக் குறைந்தது 5.5 அங்குல அகலமுள்ள ரிம் வேண்டும், அம்பாசிடரின் பழைய ரிம் அதைவிட ஒடுக்கம். உரசாவிட்டாலும் இந்தச் சேர்க்கை எனக்குச் சம்மதமில்லை.

அலாய் ரிம் மாட்டியிருந்தால் அதையும் சந்தேகியுங்கள். ரிம்மைக் குப்புறக் கிடத்தி, மேலே ஒரு நேரான சட்டத்தை வைத்து, சட்டத்திலிருந்து ரிம் ஹப்பில் (சக்கரம் பூட்டும் நடுப்பகுதியில்) பதியும் தளம் வரை அளவெடுங்கள். பழைய இரும்பு ரிம்மையும் அப்படியே அளந்தால், சக்கரம் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது டார்ஷன் பார். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரிலிருந்து வந்த அமைப்பு இது. காயில் ஸ்பிரிங் இல்லாமல், முறுக்கிக்கொடுக்கும் நீளமான எஃகுக் கம்பி முன்பக்கத்தைத் தாங்குகிறது. பல வருஷ ஓட்டத்தில் அது தளர்ந்து வண்டி இறங்கிவிடும். அப்போது ஸ்டீயரிங் நேராக இருந்தாலும், பள்ளத்திலோ வேகத்தடையிலோ இறங்கும்போது டயர் மேலே இடிக்கும்.

என் 1984 வண்டியில் இடதுபக்கம் மட்டும் இப்படி உரசியது. சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர் வளையம் போடச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. மட்கார்டின் உள்பக்கம் முழுக்கச் சாக்பீஸைக் குழைத்துப் பூசி, காயவிட்டு, தெருவை இரண்டு சுற்று வந்தேன். மேல்பகுதியில் பின்பக்கமாக உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் சாக்பீஸ் அழிந்திருந்தது, உள்ளே அழியவே இல்லை. ஹப்பின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்தேன். இடதுபக்கம் வலதைவிட 20 மில்லிமீட்டர் குறைவு. தரையிலிருந்து அளக்காதீர்கள், காற்று கொஞ்சம் குறைந்திருந்தாலும் கணக்கு தப்பும். கம்பி முனையின் பல்வரிசையை மாற்றிப் பூட்டி உயரத்தைச் சமன்செய்தோம், சக்கரம் அளவுக்குமேல் எழும்பாமல் தடுக்கும், பிய்ந்திருந்த பம்ப் ரப்பரையும் மாற்றினோம். உரசல் நின்றது.

மூன்றாவது, கீழ் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் மூட்டிலுள்ள உறை. பிரேக் பிடிக்கும்போது மட்டும் உரசி, கூடவே "டொக்" என்று கேட்டால் இதுதான். தேய்ந்த புஷ் சக்கரத்தைப் பின்னால் நகரவிடும். ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு கொடுத்து, கடப்பாறையால் மெதுவாக நெம்பினால் ஆட்டம் கண்ணுக்கே தெரியும். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டி வீல் பேரிங்கையும் அப்போதே பார்த்துவிடலாம்.

சரி, எதைச் செய்வது? டயர்தான் காரணம் என்றால் ஒடுக்கமான டயருக்குத் திரும்புவதுதான் நல்லது. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி லேசாகத் திரும்புவதையும் உடனே உணர்வீர்கள். ஸ்பேசர் உள் உரசலை வெளி உரசலாக மாற்றும், பேரிங்கின் மேல் பாரத்தையும் கூட்டும். சக்கரம் திரும்பும் எல்லையை நிறுத்தும் ஸ்டீயரிங் ஸ்டாப்பைக் கொஞ்சம் நெருக்கி வைப்பது அதைவிடத் தேவலை. யூ டர்னுக்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும், அவ்வளவுதான். அகல டயருக்காக டார்ஷன் பாரை ஏற்றுவது மட்டும் வேண்டாம். அது உள்சுவர் உரசலைத் தீர்க்காது, சக்கரத்தின் சாய்வு கெட்டு டயர் ஒருபக்கமாகத் தேயும். இறங்கிய வண்டியைச் சரியான உயரத்துக்கு ஏற்றினாலும் அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

சுத்தியலுக்கு வேலை வருவது ஒரே சந்தர்ப்பத்தில்தான். மூன்றும் சரியாக இருந்து, ஹப் உயரமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளி மட்டும் ஒருபக்கம் குறைந்தால், அந்த மட்கார்டு எப்போதோ அடிவாங்கியிருக்கலாம். அப்போதும் வலது இடது அளவுகளை எழுதிக்கொண்டே பட்டறைக்குப் போங்கள்.